நுனி எங்கே?

“டாக்டரம்மா, வஞ்சிரம். தடைக்காலத்துல இத கண்ணால பாக்கறதே பெரிசு. புடிங்க.”

அஞ்சலாட்சி மஞ்சள் பையை நீட்டினாள். பெரிய மார்க்கெட்டில் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக நெல்லித்தோப்புக்கு வந்திருக்கிறாள் என்பது அந்த ஸ்கேன் சென்டரின் ஏசி காற்றில் ஒரே நொடியில் தெரிந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

டாக்டர் பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவளுக்கு யார் மீன் கொண்டுவந்து தருகிறார்கள்? ஊசி போடுகிறவருக்கும் ஆபரேஷன் செய்கிறவருக்கும்தான் அந்த யோகம்.

“எதுக்கும்மா இதெல்லாம்? நீங்க யாரு?”

“பலராமன் பொஞ்சாதி. போன வாரம் நெஞ்சு ஸ்கேன் எடுக்க வந்தாரே, கட்டையா, பெரிய மீசை வச்சிகிட்டு. பம்பிங் நாப்பத்தாறுன்னு நீங்க எழுதுனீங்களாம். அதப் பாத்துட்டு விஜயராகவன் டாக்டரு, ‘மிஷினு கிஷினு ஒண்ணும் வைக்க வேணாம், வேலைக்குப் போ’ன்னுட்டாரு. எங்கூட்டு அடுப்பு எரியறது உங்க கையெழுத்துலதான்.”

பூர்ணிமாவுக்கு ஞாபகம் வந்தது. வெயில் காலத்தில் மாரடைப்பு. அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி: இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது? முப்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்த நிமிடமும் துடிப்பு தாறுமாறாகி ஆள் விழலாம். அப்படி விழுந்தால் உள்ளேயே ஷாக் கொடுத்து எழுப்ப, தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி பதிக்க வேண்டும். முப்பத்தைந்துக்கு மேலே என்றால் தேவையில்லை. எக்கோவில் தெளிவாகத் தெரியாததால் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பியிருந்தார் இதய டாக்டர் விஜயராகவன். கிட்னி கொஞ்சம் மக்கர் செய்ததால், மாரடைப்பு விட்டுப்போன தழும்பைக் காட்டும் மருந்தை ஏற்றாமலே படம் எடுத்தார்கள்.

விடை: நாற்பத்தாறு. எந்தக் குழப்பமும் இல்லை.

“அந்த மூச்சுப் புடிக்கற வேலையில எங்கூட்டுக்காரர அடிச்சிக்க ஆளு கெடையாது டாக்டரம்மா,” அஞ்சலாட்சிக்குப் பேச்சு நிற்கவில்லை. “படகுக்கு அடியில இருக்கற விசிறில வலை சுத்திகிச்சின்னா முங்கி அறுத்து உடறது அவுருதான். துறையில அத்தினி பேருக்கும் தெரியும். அதான் இங்கயும் பெருமை. ‘அந்த ஸ்கேன் எடுக்கற பொண்ணு மூச்ச வெளிய உட்டுட்டு நிறுத்துங்குது. மொதல்ல சொன்னாப்பல செஞ்சேன். காலி நெஞ்சோட எவன்டி முங்குவான்? அப்பறம் நானே நெஞ்சு நெறைய இழுத்து அடக்கினேன். கல்லு மாதிரி கெடந்தேன். படம் ஜோரா வந்திருக்கும்’னு ஊர் பூரா சொல்லிகிட்டுத் திரியறாரு!”

மீன் பை பூர்ணிமாவின் கையில் கனத்தது.

“என்ன சொன்னீங்க? நடுவுல மாத்திட்டாரா?”

“எத?”

“மூச்ச! மொதல்ல வெளிய விட்டு நிறுத்தினார். அப்புறம் உள்ள இழுத்து நிறுத்தினார். அப்படியா?”

“ஆமா. ஏன் டாக்டரம்மா? படம் கெட்டுப்பூடுச்சா?”

பூர்ணிமா கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள்.

*

கம்ப்யூட்டரில் பலராமனின் இதயம் திறந்தது.

மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டிலும் இதயத்தின் இடது அறை ஒரு வளையம் போலத் தெரிந்தது. வளையத்தின் உள்சுவரை ஒட்டிப் பச்சைக் கோடு, வெளிச்சுவரை ஒட்டி மஞ்சள் கோடு. கோடு போட்டது மென்பொருள். போன வருஷம் வரை அந்தக் கோடுகளை பூர்ணிமாதான் மவுஸைப் பிடித்துக் கையால் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நோயாளிக்கு அரைமணி நேரம் போகும். கழுத்து விண்ணென்று தெறிக்கும். இப்போது ஒரு டீ குடிப்பதற்குள் பத்துப் பேரின் இதயத்துக்குக் கோடு விழுந்துவிடுகிறது.

மயிரிழை தப்பாத கோடுகள். இப்போதும் அவளால் ஒரு கோட்டில்கூடக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் துண்டு, பெரிய வளையம். அடுத்தது கொஞ்சம் சிறியது. அடுத்தது இன்னும் சிறியது. சரி. இதயம் கீழே போகப்போகக் குறுகும். கடைசியில் நெல்லிக்காய் அளவாகி மறைய வேண்டும்.

அடுத்த துண்டைத் தட்டினாள்.

வளையம் மறுபடியும் பெரிதானது.

அவள் இன்னும் கீழே போனாள். நடுப்பகுதியில் மட்டும் இருக்க வேண்டிய இரண்டு தசை முடிச்சுகள் கடைசிப் படத்திலும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே படமே இல்லை.

நுனி எங்கே?

“தாமரை!” என்று கத்தினாள்.

ஸ்கேன் எடுக்கும் தாமரைச்செல்வி எட்டிப் பார்த்தாள். “மேடம்?”

“பலராமன்னு ஒரு பேஷன்ட். மூச்சு ஒரே மாதிரி நிறுத்தினாரா?”

“நான் மைக்ல ஒவ்வொரு தடவையும் ‘வெளிய விட்டு நிறுத்துங்க’ன்னுதான் சொன்னேன் மேடம். ஒரு ஆட்டம் இல்ல, ஒரு அசைவு இல்ல. அவ்ளோ ஷார்ப்பான படம் நான் பார்த்ததே இல்ல.”

அதுதான் வினை. மூச்சுப் பிடிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால் படம் கலங்கியிருக்கும், திரும்ப எடுத்திருப்பார்கள். இவர் கல் மாதிரி கிடந்தார். ஆனால் பாதியில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்ததும் இதயம் வயிற்றுப் பக்கமாகச் சரிந்துவிட்டது. படம் எடுக்கும் இடங்கள் மாறவில்லை. நுனிக்காகக் குறித்து வைத்த இடத்துக்கு மறுபடியும் நடுப்பகுதி வந்து நின்றது. மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாகக் கோடு போட்டு, கூட்டிப் பெருக்கி, நாற்பத்தாறு என்றது. நன்றாகத் துடிக்கும் நடுப்பகுதிக்கு இரண்டு தடவை மார்க். நுனிக்குப் பரீட்சையே நடக்கவில்லை.

கையால் போட்டிருந்தால் வளையம் பெரிதான அந்த இடத்தில் என் கை நின்றிருக்கும் என்று நினைத்தாள். அன்று கையால் போடவில்லை. மேலே இருந்த நாலைந்து படங்களைப் பார்த்தாள், கோடு அழகாக இருந்தது, கையெழுத்துப் போட்டாள்.

நெடுக்குவாட்டில் எடுத்த படங்கள் தனியாக இருந்தன. முதலில் எடுத்தவை. பலராமன் சொன்னதைக் கேட்டு மூச்சை வெளியே விட்டிருந்த நேரம். அன்று அவள் திறக்காத படங்கள்.

திறந்தாள்.

இதயம் மேலே சுருங்கியது. நடுவே சுருங்கியது. நுனி மட்டும் மெலிந்து, பலூன் போல உப்பி, செத்துக் கிடந்தது.

மவுஸைப் பிடித்தாள். சுவரை ஒட்டித் தன் கையாலேயே கோடு இழுத்தாள். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது.

இருபத்தொன்பது.

*

“அவர் இப்ப எங்க இருக்கார்?”

வாசலிலேயே நின்றிருந்த அஞ்சலாட்சி அவள் முகத்தைப் பார்த்து அரண்டுபோனாள்.

“தேங்காய்த்திட்டு துறையில. தடைக்காலம் முடியுதில்ல, நாளைக்குப் படகு கெளம்புது. இன்னைக்கு இன்ஜின ஓட்டிப் பாக்கறாங்க.”

“போன் போடுங்க. உடனே. தண்ணில எறங்கக்கூடாதுன்னு சொல்லுங்க.”

அஞ்சலாட்சி செல்லில் தட்டினாள். அடுத்த கணம் அவள் இடுப்புச் சுருக்குப் பைக்குள் இருந்தே இன்னொரு போன் அலறியது.

“ஐயோ! அவுரு போனு என்கிட்ட கெடக்குது! தண்ணில எறங்கும்போது போன் நனைஞ்சிடும்னு காலையில குடுத்துட்டுப் போனாரு...”

பேசியது அவளுக்கே உறைத்துவிட்டது.

“எறங்கப் போறாரா? இன்னைக்கா?” என்றாள் பூர்ணிமா.

“இத்தினி நாளா படகு துறையில கெடந்ததுல விசிறில கயிறு சுத்திகிட்டு இருக்குதாம். அறுத்துட்டுத்தான் இன்ஜின் போடணும்னாரு.”

“படகுக்காரர் நம்பர் போடுங்க!”

படகுக்காரர் சுப்பராயன் எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. படகுகளுக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது.

“மாமா, நான் அஞ்சலாட்சி! அவுர எறங்க வேணாம்னு சொல்லு மாமா!”

“யாரு? அஞ்சலையா? சத்தமா பேசு தாயி. ஒம்புருசன் இடுப்புல கயிறு கட்டிகிட்டு நிக்கிறான். வந்ததும் பேசச் சொல்றேன்.”

“மாமா! மாமா!”

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை.

“தாமரை, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணு. தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகம். நெஞ்சு நோயாளின்னு சொல்லு. அப்புறம் விஜயராகவன் சாருக்கு, ரிப்போர்ட் தப்பு, இருபத்தொன்பதுன்னு சொல்லு.”

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பியவளைச் சென்டரின் முதலாளி சந்திரமோகன் மறித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“பூர்ணிமா, ஆம்புலன்ஸ்தான் போகுதே. திருத்தின ரிப்போர்ட்டை மெயில்ல அனுப்பு, போதும். நீ நேர்ல போய் நின்னா தப்பு நம்மளதுன்னு நாமே ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும்.”

“நம்மளதுதான் சார்.”

“அந்த சாஃப்ட்வேர் எவ்ளோ துல்லியம் தெரியுமா? உலகம் முழுக்க...”

“கோடு துல்லியம்தான் சார். வழிய விடுங்க.”

*

மரப்பாலம் சந்திப்பில் எல்லாம் நின்றுவிட்டது.

கடலூர் ரோட்டில் ஒரு ஐஸ் லாரி குறுக்கே நின்றது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் விசில் ஊதி ஊதிக் கன்னம் உப்பிப்போயிருந்தார். துறைமுகத்துக்குப் போகிற ஐஸ் வண்டி, டீசல் வண்டி, சாமான் ஆட்டோ எல்லாம் இன்றைக்கே கிளம்பியிருந்தன.

“டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் வெளங்கல,” பின்னாலிருந்து அஞ்சலாட்சி அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். “நாப்பத்தாறுன்னு மிஷின்தான சொல்லுச்சு?”

பூர்ணிமாவின் கண், வண்டியின் முன்னால் தொங்கிய மஞ்சள் பையில் விழுந்தது. எப்போது அதை அங்கே மாட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நீங்க வஞ்சிரத்தைத் துண்டு போடறீங்க. தலையிலேருந்து வாலுக்கு. கத்தி விழற எடம் முன்னாடியே குறிச்சாச்சு, மாத்த முடியாது. பாதி வெட்டினப்புறம் மீன் வால் பக்கமா வழுக்கிட்டா என்ன ஆகும்?”

“வயித்துமேலயே மறுபடியும் கத்தி விழும்.”

“அப்ப வாலு?”

“வாலு துண்டே உழாது. பலகைக்கு அந்தாண்ட போயிருக்கும்.” அஞ்சலாட்சியின் பிடி தளர்ந்தது. பிறகு, மெதுவாக, “கெட்டது வாலுலயா இருக்குது?”

“ஆமா.”

அஞ்சலாட்சி வண்டியிலிருந்து குதித்தாள். நேராக ஐஸ் லாரியின் முன்னால் போய், டிரைவர் பக்கக் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

“எடுடா வண்டிய! எம்புருசன் சாவறான், எடுடா!”

பெரிய மார்க்கெட்டின் மீன் அங்காடியில் நாள் முழுவதும் கூவிப் பழகிய குரல். சந்திப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. லாரி பின்னால் நகர்ந்தது. போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கையை வீசினார்.

ஸ்கூட்டர் அந்த இடுக்கில் நுழைந்தது.

*

துறைமுகத்தில் புதுப் பெயின்ட் வாசனையும் சூடமும் கலந்து வீசின. ஒவ்வொரு படகின் முகப்பிலும் மாலை. தரையில் சிதறிய பூசணிக்காயில் வண்டி வழுக்கியது. பூர்ணிமா அப்படியே அதைச் சாயவிட்டு ஓடினாள்.

சுப்பராயனின் படகு கடைசியில் நின்றது. பின்பக்கம் ஏழெட்டுப் பேர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஆனந்தராஜ் என்ற இளவட்டத்தின் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை பழுப்பு நிறத் தண்ணீருக்குள் போயிருந்தது.

“எங்க அவர்?”

“உள்ள,” என்றார் சுப்பராயன். “நீங்க யாரும்மா?”

“அவரோட டாக்டர். அவரை மேல தூக்குங்க! உடனே!”

சுப்பராயன் சிரித்தார். “பலராமனயா? பூசை முடிஞ்சி இப்பதான போனான். அவன் மூச்சு உங்களுக்குத் தெரியாது. கொல்லன் துருத்தி அது.”

“கயித்த ஒரு தடவ ஆட்டினா நல்லாருக்கேன்னு அர்த்தம்,” ஆனந்தராஜ் விளக்கினான். “ரெண்டு தடவ ஆட்டினா தூக்குன்னு அர்த்தம். அண்ணன் இன்னும் ஆட்டல.”

“கடைசியா எப்ப ஆட்டினார்?”

ஆனந்தராஜ் யோசித்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். “எறங்கினதும் ஒரு தடவ. அதுக்கப்பறம்... வேலையில இருந்தா ஆட்ட மாட்டாரு.”

தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

“இழுங்க! அவருக்கு ஹார்ட் நின்னு போகலாம். அந்த ரிப்போர்ட் தப்பு. நான் எழுதினது, நான்தான் தப்பா எழுதிட்டேன். இழுங்க!”

“சும்மா இழுத்தா கயிறு விசிறில மாட்டிக்கும்மா. போன வருசம் இழுத்துட்டு அண்ணன்கிட்ட வாங்கிக் கட்டிகிட்டேன்,” என்றான் ஆனந்தராஜ். “அவரு மூச்ச சந்தேகப்படறதே அவருக்குப் புடிக்காது.”

கல் மாதிரி கிடந்தேன், படம் ஜோரா வந்திருக்கும். பூர்ணிமாவுக்கு அந்த வார்த்தைகள் காதுக்குள் கேட்டன. அசைவில்லாத படத்தைப் பார்த்துத் தாமரைச்செல்வி மயங்கினாள். அழகான கோட்டைப் பார்த்துப் பூர்ணிமா மயங்கினாள். அசையாத கயிற்றைப் பார்த்து இவர்கள் நிற்கிறார்கள்.

அவளைத் தள்ளிக்கொண்டு ஒரு உருவம் பாய்ந்தது. அஞ்சலாட்சி. ஆனந்தராஜின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள். படகின் விளிம்பில் காலை ஊன்றினாள்.

“யக்கா, வேணாம்! மாட்டிக்கும்!”

“மாட்டட்டும்டா! அறுந்து வந்தாலும் வரட்டும்!”

இழுத்தாள். கயிறு விறைத்தது. இன்னொரு முறை இழுத்தாள். கனம் மட்டுமே வந்தது. உயிருள்ள ஆளின் எதிர்ப்பு இல்லை. ஆனந்தராஜ் தாவி வந்தான். அவனும் பிடித்தான். சுப்பராயனும் பிடித்தார்.

பலராமன் மேலே வந்தார். முகம் தண்ணீரைப் பார்த்தபடி. வலது கையில் கத்தி, மணிக்கட்டில் வாரால் கட்டியபடி தொங்கியது.

*

சிமென்ட் தளத்தில் மல்லாத்தினார்கள். கழுத்தில் நாடி இல்லை.

பூர்ணிமா மண்டியிட்டாள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். கடைசியாக ஒரு மனிதரின் நெஞ்சை இப்படித் தொட்டது ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான இதயங்களைக் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்திருக்கிறாள். இந்த இதயத்தையும்தான். இப்போது அது அவள் கைக்குக் கீழே நின்றுபோய்க் கிடக்கிறது.

அழுத்தினாள். விலா எலும்பு ஒன்று நொறுங்குவது கையில் தெரிந்தது. நிறுத்தவில்லை.

“யாராவது வாய்ல ஊதணும். மூக்கை அடைச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு...”

அஞ்சலாட்சி ஏற்கனவே குனிந்திருந்தாள்.

முப்பது அழுத்தம். இரண்டு ஊதல். நெஞ்சு ஏறி இறங்கியது. அது அவர் மூச்சு அல்ல, அவளுடையது. முப்பது அழுத்தம். இரண்டு ஊதல். அழுக்குத் தண்ணீர் வாயோரம் வழிந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி ஊதினாள்.

“போதும்மா...” கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். “போயிட்டாப்பல.”

“எவன்டா அவன்?” அஞ்சலாட்சி தலையைத் தூக்காமலே உறுமினாள்.

பூர்ணிமாவின் தோள்கள் எரிந்தன. நிறுத்தினால் தீர்ந்தது. ஆனந்தராஜைப் பக்கத்தில் இழுத்து, அவன் கையை வைத்துக் காட்டினாள். “இங்க. அழுத்து. இன்னும் பலமா. அழாத, அழுத்து!” அவன் அழுதுகொண்டே அழுத்தினான்.

சைரன் கேட்டது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஷாக் கொடுக்கும் பெட்டியைத் திறந்தார்கள். ஈர நெஞ்சைத் துடைத்து இரண்டு ஒட்டுகளை ஒட்டினார்கள். சின்னத் திரையில் கோடு கண்டபடி துள்ளியது. துடிப்பு இல்லை, வெறும் நடுக்கம். செத்த நுனியைச் சுற்றிக் கிளம்பிய நடுக்கம். அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை தெரியாது.

“விலகுங்க! எல்லாரும் கைய எடுங்க!”

அஞ்சலாட்சி எடுக்கவில்லை. பூர்ணிமா அவளை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தாள்.

பலராமனின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

கோடு தட்டையானது. நீண்டது. அப்படியே போய்க்கொண்டிருந்தது. பூர்ணிமா மறுபடியும் நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்கினாள். வாய் எதையோ முணுமுணுத்தது. அவள் சாமி கும்பிடுகிறவள் இல்லை.

அப்புறம் ஒரு துள்ளல். இடைவெளி. இன்னொன்று.

கைக்குக் கீழே, மிக மெலிதாக, ஏதோ உதைத்தது.

*

ஆம்புலன்ஸ் மரப்பாலத்தைத் தாண்டும்போது பலராமன் இருமினார். தண்ணீரும் பித்தமுமாக வந்தது. கண் பாதி திறந்தது, எதையும் பார்க்கவில்லை, பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்தது. உதடு அசைந்தது.

அவள் காதை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

“என்ன சொல்றார்?” என்றாள் பூர்ணிமா.

“விசிறில இருந்த கயிறு அறுந்துச்சான்னு கேக்கறாரு, இந்தாளு.”

விஜயராகவன் போனில் இருந்தார். ஐ.சி.யூ. தயார். பிழைத்து எழுந்தால் கருவி வைத்தே தீர வேண்டும். “பிழைத்து எழுந்தால்” என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை, சொல்லாமலும் விடவில்லை. ரிப்போர்ட்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். பேசுவார்கள். சந்திரமோகன் பேசுவார், விஜயராகவன் பேசுவார், அவளும் பேசுவாள். நாற்பத்தாறு என்ற எண்ணுக்குக் கீழே இருந்த கையெழுத்து அவளுடையது.

பூர்ணிமா ஸ்டெதஸ்கோப்பை வாங்கி பலராமனின் நெஞ்சில் வைத்தாள். குளிர்ந்த வட்டம் தோலில் பட்டதும், பழக்கத்தில், அந்த மனிதர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடக்கினார். உடைந்த விலாவோடு. மானிட்டரில் எண்கள் சரியத் தொடங்கின.

“வேணாம்!” பூர்ணிமா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “அடக்காதீங்க. விடுங்க. பலராமன், மூச்சை விடுங்க!”

அவர் அடக்கியபடி அவளையே பார்த்தார்.

“உடுய்யா,” என்றாள் அஞ்சலாட்சி. “எனக்காக உடு.”

விட்டார். மானிட்டரில் எண்கள் மறுபடி ஏறத் தொடங்கின.